புயலைத் துரத்திய மாலுமி



சித்திரை, வைகாசி மாதங்களில் மதுரையைச் சுற்றியுள்ள வெறும் வயல்களைப் பார்த்திருக்கிறீர்களா? மேலூர்ப் பக்கம், அலங்காநல்லூர்ப் பக்கம், திருமங்கலம் தாண்டிய கரிசல் காட்டுப் பக்கம், எங்கும் அறுவடை முடிந்து தரை காய்ந்து கிடக்கும். உச்சி வெயிலில் திடீரென்று ஓரிடத்தில் புழுதி கிளம்பும். சருகும் காகிதமும் சேர்ந்து சுழலும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பனைமர உயரத்துக்கு எழுந்து, ஒரு தூண் போல நகர்ந்து போகும். சூறைக்காற்று என்பார்கள். சில ஊர்களில் பேய்க்காற்று என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள்.

அதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. சூடான தரையைத் தொட்ட காற்று லேசாகி மேலே எழுகிறது. அந்த இடத்தை நிரப்ப நாலு பக்கமிருந்தும் காற்று ஓடி வருகிறது. ஓடி வரும்போது சுழல்கிறது. அவ்வளவுதான்!

சிறு வயதில் நாங்கள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவோம். நடுவில் போய் நின்றால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை. என்ன ஆனது? கண், காது, வாய் எல்லாம் மண். வீட்டுக்குப் போனால் அம்மாவிடம் அடி!

எங்களைப் போலவே ஒரு பெரிய மனிதரும் சுழற்காற்றைத் துரத்தியிருக்கிறார். மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று காட்டிய அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின்தான் அவர். 1755-ஆம் ஆண்டு மேரிலாந்தில் நண்பர்களோடு குதிரையில் போய்க்கொண்டிருந்தபோது, சுழற்காற்று ஒன்று மேடேறி வருவதைக் கண்டார். மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவரோ குதிரையைத் தட்டிவிட்டு அதன் பக்கத்திலேயே போனார். சாட்டையால் அடித்தால் அது கலைந்துவிடுமா என்று அடித்தும் பார்த்தார். கலையவில்லை. அது காட்டுக்குள் நுழைந்தது. முறிந்த கிளைகள் தலைக்கு மேலே பறக்க ஆரம்பித்ததும் ஆபத்தை உணர்ந்து நின்றுவிட்டார். அப்போது அவருக்கு வயது 49!

வயலில் கிளம்பும் சின்னச் சூறையைக் குதிரையில் துரத்தலாம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம் கொண்டு, நடுக்கடலில் கப்பல்களை விழுங்கும் பெரும் புயலை எப்படித் துரத்துவது?

ஒருவர் துரத்தினார். அதுவும் நம் இந்தியாவில், கல்கத்தாவில், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே துரத்தினார்! இன்று உலகம் முழுவதும் சொல்லும் 'சைக்ளோன்' என்ற சொல்லை உருவாக்கியவரும் அவரே. அவர் பெயர் ஹென்றி பிடிங்டன்.

கப்பலில் இருந்து கரைக்கு

பிடிங்டன் 1797-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். வணிகக் கப்பல்களில் வேலை செய்து, மாலுமியாகி, பிறகு கப்பல் தலைவராகவும் உயர்ந்தார். இந்தியக் கடலிலும் சீனக் கடலிலும் பயணம் செய்தவர். பின்னர் கடல் வாழ்க்கையை விட்டுவிட்டு வங்காளத்தில் தங்கிவிட்டார்.

கரைக்கு வந்ததும் ஓய்வெடுக்கவில்லை. எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்கும் குணம் அவருக்கு. இந்தியாவின் செடி கொடிகளின் பெயர்களைத் தொகுத்து 1832-இல் ஒரு நூல் வெளியிட்டார். பருத்திக்கும் கரும்புக்கும் தேயிலைக்கும் எந்த மண் ஏற்றது என்று ஆராய்ந்தார். கல்கத்தாவில் கனிமங்களுக்கான அருங்காட்சியகம் ஒன்றின் காப்பாளராகவும் இருந்தார். ஆனால் அவருடைய மனம் முழுவதும் ஒன்றில்தான் போய் நின்றது. அது புயல்.

அந்தக் காலத்துக் கப்பல்கள் பாய்மரக் கப்பல்கள் என்பதை நினைவில் வையுங்கள். வானொலி கிடையாது. செயற்கைக்கோள் கிடையாது. கரையில் புயல் எச்சரிக்கை கொடுக்க யாரும் இல்லை. வானம் கறுத்து, காற்று ஊளையிட ஆரம்பித்த பிறகுதான் புயலுக்குள் மாட்டிக்கொண்டது தெரியும். எந்தப் பக்கம் போனால் தப்பலாம்? யாருக்கும் தெரியாது. தப்பிக்க நினைத்து நேராகப் புயலின் நடுவுக்கே போய்ச் சேர்ந்த கப்பல்கள் எத்தனையோ!

ஒரு புத்தகம் காட்டிய வழி

அமெரிக்காவில் வில்லியம் ரெட்பீல்ட் என்று ஒருவர் இருந்தார். 1821-இல் ஒரு பெரும் புயல் அடித்து ஓய்ந்த பிறகு, அவர் அந்த வழியே நெடுந்தூரம் பயணம் செய்தார். ஓரிடத்தில் மரங்கள் எல்லாம் ஒரு திசையில் விழுந்து கிடந்தன. வேறோரிடத்தில் அதே புயலில் மரங்கள் நேர் எதிர்த் திசையில் விழுந்து கிடந்தன. ஒரே புயல் எப்படி இரண்டு பக்கமும் தள்ளும்? காற்று நேர்கோட்டில் வீசவில்லை, பெரிய சக்கரம் போலச் சுழன்று வீசியிருக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார்.

அடுத்து வில்லியம் ரீட் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, மேற்கிந்தியத் தீவுகளின் புயல்களை ஆராய்ந்து 1838-இல் ஒரு நூல் எழுதினார். அந்த நூல் கல்கத்தாவுக்கும் வந்தது. பிடிங்டன் படித்தார். அன்றே அவருடைய வேட்டை தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

1839 ஜூன் மாதத் தொடக்கத்தில் வங்காள விரிகுடாவில் ஒரு புயல் வீசியது. அதில் அகப்பட்ட கப்பல்கள் ஒவ்வொன்றாகத் துறைமுகம் வந்து சேர்ந்தன. சில பாய்மரம் முறிந்து வந்தன. சில வரவே இல்லை.

குழந்தைகளே, கப்பலில் ஒரு நாட்குறிப்பு எழுதுவார்கள். இந்த மணிக்கு இந்த இடத்தில் இருந்தோம், காற்று இந்தத் திசையிலிருந்து வீசியது, காற்றழுத்தமானி இவ்வளவு காட்டியது என்று எல்லாம் அதில் இருக்கும். பிடிங்டன் அந்த நாட்குறிப்புகளைக் கேட்டு வாங்கினார். ஒரு கப்பல் அல்ல, இரண்டு கப்பல் அல்ல, கிடைத்த எல்லாக் கப்பல்களின் குறிப்புகளையும் சேர்த்தார். பிறகு கடல் வரைபடத்தை விரித்து, ஒரே நேரத்தில் எந்தக் கப்பல் எங்கே இருந்தது, அங்கே காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று அம்புக்குறி போட்டுக்கொண்டே வந்தார்.

என்ன ஆச்சரியம்! அம்புகள் ஒன்று சேர்ந்து வட்டமாகச் சுழன்றன. நடுவே அம்பே இல்லாத ஓர் இடம்! அதுதான் புயலின் மையம். அடுத்த நாளுக்கும் இப்படியே அம்பு போட்டால் வட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். எந்தப் புயல் எந்த வழியாகப் போனது என்பது வரைபடத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஒரு திருடனின் காலடித் தடத்தைப் பார்த்துப் போவது போல அவர் புயலின் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனார்.

ஒரு தனிக் கப்பலில் இருப்பவருக்குத் தன் தலைக்கு மேலே நடப்பது மட்டுமே தெரியும். பத்துக் கப்பல்களின் குறிப்பையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவருக்குத்தான் முழுப் புயலும் தெரிந்தது. இப்படி இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை, கல்கத்தாவின் ஆசியச் சங்க இதழில் ஆண்டுக்கணக்கில் எழுதினார்.

அமைதிதான் ஆபத்து!

புயலைப் பற்றி அவர் தொகுத்தவற்றில் பல வியப்புகள் உண்டு. ஒன்றைச் சொல்கிறேன்.

புயலின் நடுவில் என்ன இருக்கும்? மிகப் பெரிய காற்று இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. அங்கே காற்றே இருக்காது! அதைப் புயலின் கண் என்கிறோம். பெரும்பாலும் இருபது, முப்பது, ஐம்பது கிலோமீட்டர் அகலம் கூட இருக்கும். மழை நின்றுவிடும். சில சமயம் மேலே நீல வானமோ, இரவானால் நட்சத்திரங்களோ தெரியும்.

ஆனால் கடல் அமைதியாக இருக்காது. எல்லாப் பக்கமிருந்தும் வந்த அலைகள் அங்கே மோதிக்கொள்ளும். காற்றில்லாததால் பாய்மரக் கப்பலைத் திருப்பவும் முடியாது. புயல் போய்விட்டது என்று மாலுமிகள் மூச்சு விடும்போது, திடீரென்று எதிர்த் திசையிலிருந்து காற்று அறையும். அப்போதுதான் பல கப்பல்கள் கவிழ்ந்தன.

கரையிலும் இதேதான். காற்று நின்றுவிட்டதே என்று வீட்டை விட்டு வெளியே வந்தவர்கள், மறு பாதியில் அகப்பட்டு உயிரிழந்திருக்கிறார்கள். இதை நீங்கள் மறக்கவே கூடாது.

சுற்றிச் சுற்றி வந்த கப்பல்

1845 பிப்ரவரியில், மொரீஷியஸ் தீவருகே சார்லஸ் ஹெடில் என்ற கப்பல் புயலில் மாட்டிக்கொண்டது. கப்பல் தலைவர் ஒன்றும் செய்ய முடியாமல், காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கமே கப்பலை ஓட விட்டார். சுமார் ஐந்து நாட்கள் ஓடியது. ஆயிரம் கடல் மைலுக்கும் மேல் ஓடியது. இவ்வளவு தூரம் ஓடிய கப்பல் எங்கேயோ போயிருக்க வேண்டும் அல்லவா?

புயல் ஓய்ந்ததும் பார்த்தால், புறப்பட்ட இடத்திலிருந்து அதிகத் தூரம் போகவே இல்லை!

அந்த நாட்குறிப்பு பிடிங்டன் கைக்கு வந்தது. அவர் அதை வரைபடத்தில் போட்டுப் பார்த்தார். செக்கு மாடு சுற்றுவது போல, கப்பல் புயலின் மையத்தை ஐந்து முறை சுற்றி வந்திருந்தது! புயல் சுழல்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேறு என்ன வேண்டும்? சில ஆண்டுகளுக்கு முன்புவரை புயல் சுழல்வதை நம்பாதவர்களும் இதைக் கண்டபின் யோசித்தார்கள்.

மாலுமிகளின் அரிச்சுவடி

அறிந்ததை அறிஞர்களுக்கு மட்டும் சொன்னால் போதுமா? கடலில் சாகிறவர்கள் மாலுமிகள் ஆயிற்றே! அவர்களுக்குப் புரியும்படி எளிய நடையில் ஒரு புத்தகம் எழுதினார் பிடிங்டன். அது 1848-இல் வெளிவந்தது. அதன் பெயருக்கு ஏறக்குறைய மாலுமியின் அரிச்சுவடி என்று பொருள்.

நம் ஊரில் பனையோலையில் அரிச்சுவடி எழுதிப் படித்தது போல, இங்கிலாந்தில் அந்தக் காலக் குழந்தைகள் ஒரு சின்னப் பலகையில் எழுத்துகளைப் படித்தார்கள். எழுத்து அழியாமல் இருக்க, மாட்டுக் கொம்பை மெல்லிய தகடாக்கி அதன் மேல் பதித்திருப்பார்கள். கொம்புத் தகடு கண்ணாடி போல ஊடே தெரியும். அந்தப் பலகையின் பெயரைத்தான் தம் புத்தகத்துக்கு வைத்தார்.

காரணம் இருக்கிறது. அவர் புத்தகத்தோடு, ஊடே தெரியும் இரண்டு கொம்புத் தகடுகளையும் கொடுத்தார்! தகட்டில் வட்டம் வட்டமாகக் கோடுகள். கோடுகளில் காற்றின் திசையைக் காட்டும் அம்புகள். பூமியின் வட பாதிக்கு ஒன்று, தென் பாதிக்கு ஒன்று. ஏன் இரண்டு? வட பாதியில் புயல், கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். தென் பாதியில் கடிகார முள் போகும் திசையிலேயே சுழலும்.

மாலுமி என்ன செய்ய வேண்டும்? கடல் வரைபடத்தில் தன் கப்பல் இருக்கும் இடத்தின் மேல் தகட்டை வைக்க வேண்டும். இப்போது வீசும் காற்றும் தகட்டின் அம்பும் ஒரே திசையில் இருக்கும்படி நகர்த்த வேண்டும். அவ்வளவுதான், தகட்டின் நடுப்புள்ளி இருக்கும் பக்கமே புயலின் மையம் இருக்கும் பக்கம்! சில மணி நேரம் கழித்துக் காற்று திசை மாறினால், தகட்டையும் மாற்றி வைத்து, புயல் எந்தப் பக்கம் போகிறது என்று அறியலாம். எந்தப் பக்கம் ஓடினால் ஆபத்து, எந்தப் பக்கம் ஓடினால் தப்பலாம் என்று முடிவு செய்யலாம். திறமையுள்ளவர்கள் புயலின் ஓரக் காற்றையே பயன்படுத்திக்கொண்டு விரைவாகப் போகவும் செய்யலாம் என்று அவர் காட்டினார்.

ஒரு கைப்பிடித் தகடு எத்தனை உயிர்களைக் காத்திருக்கும்! நினைத்துப் பாருங்கள்.

இந்தப் புத்தகத்தில்தான் 'சைக்ளோன்' என்ற புதிய சொல்லைக் கொடுத்தார். பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல்லிலிருந்து அதை உருவாக்கினார். வட்டம் என்று ஏன் சொல்லவில்லை? புயலின் காற்று சரியான வட்டமாகத்தான் வீசும் என்று அவர் அடித்துச் சொல்ல விரும்பவில்லை. சுருண்ட பாம்பு முழு வட்டம் ஆகாது, ஆனாலும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். தெரிந்ததை மட்டும் சொல்லும் சொல் அது. காற்று சுழன்றுகொண்டே உள்நோக்கியும் போகிறது என்பதைப் பின்னால் வந்தவர்கள் உறுதி செய்தார்கள். அவர் தேர்ந்த சொல் அதற்கும் பொருந்திவிட்டது!

யாரும் கேட்காத எச்சரிக்கை

புயலில் காற்றைவிடக் கொடியது ஒன்று உண்டு. அது கடல் நீர்.

புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைவு. அதனால் அங்கே கடல் சற்று மேலெழும். அதோடு பலத்த காற்றும் நீரைக் கரைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே வரும். ஆழமில்லாத கரையை அடையும்போது அந்த நீர் சுவர் போல் எழுந்து ஊருக்குள் புகுந்துவிடும். ஆந்திரக் கரையில் கோரிங்கா என்ற துறைமுக ஊர், 1789-இல் இப்படி மூன்று பேரலைகளில் அழிந்தது. 1839 நவம்பரில் மறுபடியும் பேரழிவைக் கண்டது. பிடிங்டன் இந்தச் செய்திகளை எல்லாம் தேடித் தொகுத்தவர்.

அந்த நாளில் கல்கத்தாவின் ஹூக்ளி ஆறு மணல் மேடிட்டுப் போகும் என்ற பயம் இருந்தது. ஆகவே தென்கிழக்கே சுந்தரவனக் காடுகளின் ஓரமாக, மாத்லா ஆற்றங்கரையில் ஒரு புதிய துறைமுகம் கட்டலாம் என்று ஆட்சியாளர்கள் திட்டமிட்டார்கள். அதை அறிந்த பிடிங்டனுக்குத் தூக்கம் போயிற்று. அந்த இடம் கடலுக்கு மிக அருகில் தாழ்வாக இருக்கிறது. ஒருநாள் புயல் வரும். உப்புநீர் ஐந்து முதல் பதினைந்து அடி உயரத்துக்கு எழுந்து எல்லாவற்றையும் மூழ்கடிக்கும். இது அவருக்கு உறுதியாகத் தெரிந்தது.

1853-இல் அவர் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிப் பிரபுவுக்கே ஒரு கடிதம் எழுதி, அதை அச்சிட்டும் வெளியிட்டார். அங்கே துறைமுகம் வேண்டாம் என்று காரணங்களோடு எடுத்துச் சொன்னார்.

யாரும் கேட்கவில்லை.

1858 ஏப்ரலில் பிடிங்டன் கல்கத்தாவில் காலமானார். வயது 61. அதன் பிறகு மாத்லா கரையில் துறைமுகம் எழுந்தது. பின்னால் வந்த கவர்னர் ஜெனரலின் பெயரால் அதற்குப் போர்ட் கேனிங் என்று பெயர். ரயில் பாதை போட்டார்கள். படகுத்துறை, வீடுகள், விடுதி எல்லாம் கட்டினார்கள்.

1867 நவம்பர் முதல் நாள். புயல் வந்தது. மாத்லா ஆறு வழியாக ஆறடி உயரத்துக்கு நீர் எழுந்து வந்தது. துறைமுகம் சிதைந்தது. சில ஆண்டுகளில் அதை அப்படியே கைவிட்டார்கள். அவர் சொன்னபடியே நடந்தது. சொன்னவர்தான் அதைப் பார்க்க இல்லை. பார்த்திருந்தால் அவர் மகிழ்ந்திருக்க மாட்டார், வருந்தியிருப்பார் என்றே நான் நினைக்கிறேன். தாம் சொன்னது பொய்யாகட்டும் என்று விரும்பித்தானே நல்லவர்கள் எச்சரிக்கிறார்கள்?

விதை மரமானது

இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1864 அக்டோபர் 5-ஆம் நாள், கல்கத்தாவை ஒரு பெரும் புயல் தாக்கியிருந்தது. சுமார் 60,000 பேர் மாண்டனர். அதன் பிறகே ஆட்சியாளர்கள் விழித்துக்கொண்டார்கள். கல்கத்தாத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை தரும் ஏற்பாடு தொடங்கியது. 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவானது. இன்று பாம்பனிலும் நாகப்பட்டினத்திலும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தியில் கேட்கிறீர்களே, அந்த வழக்கமும் அப்படி வளர்ந்து வந்ததுதான்.

எச்சரிக்கை தாமதமானால், அல்லது எட்ட வேண்டிய இடத்தை எட்டாவிட்டால் என்ன ஆகும் என்பது மதுரைக்காரர்களாகிய எங்களுக்குத் தெரியும். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு. எனக்கு அப்போது ஏழு வயது. மதுரையில் மழையும் காற்றும். விடிந்த பிறகு ராமேசுவரம் பக்கமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. தேநீர்க் கடை வானொலியைச் சுற்றிப் பெரியவர்கள் வாய் பேசாமல் நின்றது இன்றும் கண் முன்னே நிற்கிறது. தனுஷ்கோடி ஊரையே கடல் கொண்டு போயிருந்தது. பாம்பனிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு தனுஷ்கோடிக்குப் போன ரயிலையும் அலை விழுங்கியிருந்தது. எங்கள் தெருவில் ராமேசுவரத்துக்குப் போனவர்களின் வீடுகளில் பல நாள் அடுப்பு எரியவில்லை. காற்றைவிட நீரே கொடியது என்று பிடிங்டன் சொன்னதைப் பின்னாளில் படித்தபோது, எனக்கு அந்த வானொலிதான் நினைவுக்கு வந்தது.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013-இல் அதே ஒடிசாவைப் பைலின் என்ற கடும்புயல் தாக்கியபோது, பல லட்சம் மக்களை முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துப் போனார்கள். இறந்தவர்கள் எண்ணிக்கை சில பத்துகளுக்குள் நின்றது. முன்பே அறிவதும், அறிந்ததைச் சொல்வதும், சொன்னதைக் கேட்பதும் சேர்ந்தால் எத்தனை உயிர் பிழைக்கிறது பாருங்கள்!

உலகில் வேறு சிலர் இன்னும் துணிந்து புயலைத் துரத்துகிறார்கள். 1943-இல் ஜோசப் டக்வொர்த் என்ற அமெரிக்க விமானி, முதன்முதலாக வேண்டுமென்றே ஒரு புயலின் கண்ணுக்குள் விமானத்தை ஓட்டிப் போய்த் திரும்பினார். இப்போது அதற்கென்றே கருவிகள் பொருத்திய விமானங்கள் இருக்கின்றன. அவர்கள் பல ஆண்டு பயிற்சி பெற்றவர்கள். நாம் அப்படியா?

நீங்களும் செய்து பாருங்கள்

அடுத்த முறை வங்கக் கடலில் புயல் என்று செய்தி வரும்போது, பிடிங்டனின் தகட்டை நீங்களே செய்யலாம். ஊடே தெரியும் ஒரு பிளாஸ்டிக் தாளில் ஒன்றுக்குள் ஒன்றாக நாலைந்து வட்டங்கள் வரையுங்கள். கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் அம்புக்குறி போடுங்கள். செய்தித்தாளில் வரும் வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள்.

இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. காற்று வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள். நம் நாட்டில் புயலின் மையம் உங்கள் வலக்கைப் பக்கம், சற்றுப் பின்னால் தள்ளி இருக்கும். கிழக்கே கடலில் புயல் இருந்தால் மதுரையில் காற்று வடக்கிலிருந்து வரும். வடக்கே பார்த்து நின்றால் வலக்கை கிழக்கைக் காட்டும். சரியாக இருக்கிறதா? ஆனால் வயல் சூறைக்கு இந்த விதி பொருந்தாது. அது சின்னது, ஆகவே இடமாகவும் சுழலும், வலமாகவும் சுழலும்.

இதையெல்லாம் வீட்டுக்குள் இருந்துகொண்டும், காற்று லேசாக இருக்கும்போதும் மட்டுமே செய்ய வேண்டும். இடி இடிக்கும்போது யானைமலைப் பாறை மேலோ, மொட்டை மாடியிலோ நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. தனி மரத்தின் அடியில் ஒதுங்கக் கூடாது. வைகையில் வெள்ளம் வருகிறது என்றால் கரையில் போய் நின்று கைப்பேசியில் படம் எடுக்கக் கூடாது. புயல் நின்றுவிட்டது போல் தெரிந்தாலும், பெரியவர்கள் சொல்லும் வரை வெளியே போகக் கூடாது. கடல் இங்கிருந்து தூரம்தானே என்று இருந்துவிடவும் கூடாது. 2018-இல் வேதாரண்யம் அருகே கரை ஏறிய கஜா புயல், உள்நாட்டு மாவட்டங்களையும் தொட்டுவிட்டுத்தான் போனது.

பிடிங்டனிடம் பெரிய கருவிகள் ஏதும் இல்லை. பிறர் எழுதிய நாட்குறிப்புகளும், ஒரு வரைபடமும், ஒரு பென்சிலும், பொறுமையும் இருந்தன. நடுங்கும் கையோடு, கப்பல் மூழ்கலாம் என்ற நிலையிலும் காற்றின் திசையை எழுதி வைத்த பெயர் தெரியாத மாலுமிகளும் அவருக்குத் துணை. அவர்கள் எழுதாமல் விட்டிருந்தால் அவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஆகவே குழந்தைகளே, இன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தினமும் மாலையில் தேதி போட்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது, மழை பெய்ததா, மேகம் எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். ஓர் ஆண்டு விடாமல் எழுதினால், உங்கள் ஊர் வானத்தைப் பற்றி வேறு யாருக்கும் தெரியாத சில செய்திகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எழுதுவீர்கள்தானே?